குடலில் மதுவம் பெருகினால் சாப்பாட்டில் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுவம் எல்லோருடைய குடலிலும் இருக்கிறதா? இருந்தாலே வருத்தமா?

பாண் மாவைப் பொங்க வைப்பதும் பனஞ்சாற்றைக் கள்ளாக்குவதும் மதுவம்தான். கடையில் ஈஸ்ட் என்று கேட்டு வாங்குவது அதைத்தான். குடலில் வாழ்வது அதற்குத் தூரத்துச் சொந்தமான கன்டிடா, பெரும்பாலும் கன்டிடா அல்பிகன்ஸ். ஒரு வருத்தமும் இல்லாத ஆட்களில் பெரும் பகுதியினருக்கு வாயிலும் குடலிலும் அது இருக்கிறது. ஆகவே மலப் பரிசோதனைத் தாளில் 'மதுவம் காணப்பட்டது' என்று எழுதி வந்தால் அதை மட்டும் வைத்துப் பயப்பட ஒன்றுமில்லை.

அதை அடக்கி வைத்திருப்பவை நாலு: இடத்தையும் இரையையும் முன்கூட்டியே பிடித்துக்கொண்ட குடல் பற்றீரியாக்கள், இரைப்பை அமிலம், குடலின் அசைவு, உடலின் எதிர்ப்புச் சக்தி. இந்த நாலில் ஒன்று தளர்ந்தால்தான் மதுவம் தலையெடுக்கும்.

எது அந்தக் காவலைத் தளர்த்துகிறது?

முதல் இடம் அன்ரிபயோற்றிக்குக்கு. தடிமனுக்கும் இருமலுக்கும் வைத்தியரின் துண்டு இல்லாமல் பார்மசியில் அமொக்சிசிலின் வாங்கி, மூன்று நாள் போட்டு, மிச்சத்தை அலுமாரியில் வைக்கும் பழக்கம் இங்கே யாழ்ப்பாணத்தில் நிறைய வீடுகளில் உண்டு. தடிமன் வைரசால் வருவது, அதற்கு அந்தக் குளிசை ஒன்றும் செய்யாது. குடலின் நல்ல பற்றீரியாவைத்தான் அழிக்கும். மதுவம் பங்கசு இனம் என்பதால் அதற்கு ஒரு கீறலும் விழாது, வெறுமையான இடம் மட்டும் கிடைக்கும்.

அடுத்தது கட்டுப்பாடு இல்லாத நீரிழிவு. பிறகு ஸ்ரீரொயிட் குளிசைகள், புற்றுநோய் மருந்துகள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வருத்தங்கள். 'கஸ்ரைற்றிஸ்' என்று சொல்லி வருடக்கணக்கில் விழுங்கும் ஒமெப்பிரசோல் போன்ற அமிலக் குறைப்புக் குளிசைகளும் இந்த வரிசையில் வரும். இழுப்புக்கு ஸ்ரீரொயிட் பம்ப் அடிப்பவர்களுக்கும் இரவில் கட்டுப்பல்லைக் கழற்றாமல் படுப்பவர்களுக்கும் வாயில் வெண்படை வருவது சாதாரணம். பம்ப் அடித்ததும் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் வராது.

இந்தப் பட்டியலில் ஒன்றுகூட உங்களுக்குப் பொருந்தவில்லையென்றால், உங்கள் வயிற்றுக் குழப்பத்துக்கு மதுவம் காரணமாக இருக்கும் வாய்ப்புக் குறைவு.

வயிறு ஊதுகிறது, களைப்பு, இனிப்புக்கு ஆசை, தலை மந்தம். இது கன்டிடாவா?

இந்த நாலும் சேர்ந்தால் கன்டிடா என்று சொல்லும் வழக்கம் 1980களில் அமெரிக்காவில் பரவியது. வில்லியம் குறூக் என்ற வைத்தியர் அதை எல்லோர் வாயிலும் வரச் செய்தார். 1986இல் அமெரிக்க ஒவ்வாமை வைத்தியர்களின் சங்கம் அது நிரூபிக்கப்படாத ஊகம் என்று அறிவித்தது. 1990இல் இப்படிப்பட்ட அறிகுறிகள் உள்ள 42 பெண்களுக்குப் பங்கசைக் கொல்லும் நிஸ்டட்டின் மருந்தையும் வெறும் மாத்திரையையும் மாற்றிமாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். களைப்பு, மனச்சோர்வு போன்ற உடல் முழுவதுமான முறைப்பாடுகளில் மருந்து வெறும் மாத்திரையை விஞ்சவில்லை.

முறைப்பாடு பொய் என்று இதற்குப் பொருளில்லை. வயிறு உண்மையாகவே ஊதுகிறது, காரணம்தான் வேறு. யாழ்ப்பாணத்தில் முதலில் பார்க்க வேண்டியது மெற்போமின். நீரிழிவுக்காரரில் பலர் எடுக்கும் இந்தக் குளிசை காற்று, ஊதல், வயிற்றோட்டம் மூன்றையும் தரும். நெடுங்காலம் எடுத்தால் வைற்றமின் பி12 குறைந்து களைப்பும் கால் விறைப்பும் வரும். சாப்பாட்டோடு சேர்த்து எடுப்பதோ, மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவதோ பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். அதை வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள், தானாக நிறுத்த வேண்டாம்.

இரண்டாவது பால்மாத் தேத்தண்ணி. வளர்ந்த பிறகு பாற்சீனியைச் செரிக்கும் நொதி எங்கள் ஆட்களில் பலருக்குக் குறைந்துவிடும். நாளுக்கு நாலு கோப்பை குடித்துவிட்டு ஊதலுக்கு மதுவத்தைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. மூன்றாவது கோதம்பமா, வெங்காயம், உள்ளி, பருப்பு வகை. இவற்றில் குடல் உறிஞ்சாத மாப்பொருள்கள் உண்டு, பெருங்குடலில் பற்றீரியா அவற்றைப் புளிக்க வைத்துக் காற்றாக்கும். 'கன்டிடா பத்தியம்' பிடித்தவர்கள் பாணையும் பணிசையும் விட்டதும் வயிறு இறங்கியதென்று சொல்வது இதனால்தான். மதுவம் செத்ததற்கு அது சாட்சியாகாது.

காலையில் தண்ணீரில் எச்சில் துப்பிப் பார்க்கும் சோதனை சரியா?

இல்லை. எச்சில் நூல்நூலாக இறங்குவது அதன் தடிப்பையும் வாய் காய்ந்திருப்பதையும் காட்டும், வேறொன்றையும் காட்டாது. இரத்தத்தில் பிறபொருளெதிரி, அதாவது கன்டிடாவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதம், பார்க்கும் விலை கூடிய சோதனைகளும் அப்படித்தான். கன்டிடா பெரும்பாலானோரிடம் இருப்பதால் பிறபொருளெதிரியும் பலரிடம் இருக்கும்.

அப்படியானால் உண்மையான பெருக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

வாயில் என்றால் கண்ணாலேயே தெரியும். தயிர்த் துணுக்கைப் போன்ற வெண்படை, துடைத்தால் வரும், கீழே சிவந்திருக்கும். உணவுக்குழாயில் என்றால் விழுங்கும்போது நெஞ்சுக்குள் நோகும், கமரா விட்டுப் பார்ப்பார்கள். சிறுகுடலில் மதுவம் பெருகும் நிலை ஒன்றும் வைத்தியத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. அதற்குக் கமரா வழியே சிறுகுடல் நீரை உறிஞ்சி வளர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிலீற்றரில் 1000 அல்லது அதற்கு மேல் மதுவக் கூட்டம் முளைத்தால் பெருக்கம் என்பார்கள். குடல் அசைவு குறைந்தவர்களிடமும் அமிலக் குறைப்புக் குளிசை எடுப்பவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. அறிகுறிகள் ஏவறை, ஊதல், குமட்டல், வயிற்றோட்டம். வேறு பத்து வருத்தத்துக்கும் இதே அறிகுறிகள்தான் என்பதுதான் சிக்கல்.

சீனியை விட்டால் மதுவம் பட்டினியில் சாகுமா?

இந்தப் பக்கத்தில் கூடுதலாகத் தவறாக விளங்கப்படும் விடயம் இது. பனைமரத்தில் இருந்தே விளங்கப்படுத்தலாம். பாளையில் சொட்டும் சாறு ஒன்றுதான். சுண்ணாம்பு பூசிய முட்டியில் விழுந்தால் புளிக்காத கருப்பணி, பூசாத முட்டியில் விழுந்தால் மாலைக்குள் கள்ளு. இரண்டு முட்டிக்குள்ளும் விழுவது ஒரே இனிப்பு. மதுவத்தை விடுவதும் தடுப்பதும் முட்டியின் நிலைமை.

குடலும் அப்படித்தான். தேத்தண்ணிச் சீனி சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டு இரத்தத்துக்குப் போய்விடும். கன்டிடா கூடுதலாகத் தங்கும் கீழ்க்குடலுக்கு அதில் மிஞ்சிப் போவது சொற்பம். அங்கே அது குடற்சளியையும் மற்ற உயிர்களின் மிச்சத்தையும் தின்று வாழும். 1999இல் வெளியான ஆய்வொன்றில் நலமான 28 பேருக்குச் சீனி நிறைந்த சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானோரின் மலத்தில் கன்டிடா கூடவில்லை.

இதற்கு ஒரு பெரிய விலக்கு நீரிழிவு. இரத்தத்தில் சீனி ஏறும்போது எச்சிலிலும் சிறுநீரிலும் சேர்ந்து ஏறும். வாய்க்கும் பெண்ணுறுப்புக்கும் மதுவம் அப்போது உண்மையாகவே தீனி பெறும். எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் என்ற நீரிழிவுக் குளிசைகள் சீனியைச் சிறுநீரில் கழிப்பதால் அந்தரங்கக் கடியும் வெள்ளைபடுதலும் வரலாம், கடி ஆண்களுக்கும் வரும். அடிக்கடி மதுவத் தொற்று வரும் எவரும் பத்தியம் தொடங்க முன் வெறும் வயிற்று இரத்தச் சீனியைப் பார்க்க வேண்டும். டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ வந்தால், அல்லது கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால், அது நீரிழிவின் எல்லை. மறுபடி பார்த்து உறுதி செய்வார்கள்.

பிறகு எதற்குச் சாப்பாட்டை மாற்ற வேண்டும்?

மூன்று வேலைக்காக. இரத்தச் சீனியை ஏற்ற இறக்கம் இல்லாமல் வைத்திருக்க, குடல் பற்றீரியாவுக்கு நாரைக் கொடுத்து அவற்றின் இடத்தை மீட்டுக் கொடுக்க, காற்றை உண்டாக்குவது எந்தச் சாப்பாடு என்று பிரித்தறிய. மதுவத்தை நேரே கொல்லும் வேலை மருந்தினுடையது.

சரி, எப்படித் தொடங்குவது? எத்தனை நாள்?

நாலு கிழமை. அதற்கு மேல் இழுக்க வேண்டாம். முதல் மூன்று நாள் ஒன்றையும் மாற்றாமல் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, வயிறு எப்போது ஊதியது, மலம் எப்படி, என்ன குளிசை. இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு 'எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியவில்லை' என்று நிற்பார்கள்.

முதலாம் கிழமை குடிக்கும் சீனியை மட்டும் குறையுங்கள். மட்டம் தட்டிய ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 4 கிராம், எங்கள் கை அள்ளும் குவித்த கரண்டி 6 கிராமுக்கு மேல். நாளுக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் குவித்த ஒன்றரைக் கரண்டி என்றால் 45 கிராம். உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சீனிக்கு வைக்கும் எல்லை, 2000 கலோரி சாப்பிடும் ஆளுக்கு நாளுக்கு 50 கிராம். 25க்குள் நின்றால் இன்னும் நல்லது. ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் எரிச்சலில் எல்லாம் கைவிடப்படும். ஒன்றரையை ஒன்றாக்குங்கள், மூன்று நாள் கழித்து அரையாக்குங்கள், பிறகு வேர்க்கொம்பு தட்டிப் போட்ட பிளேன்ரீக்கு வாருங்கள். சோடாப் போத்தலில் 2016 முதல் நிறப்புள்ளி இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் என்றால் பச்சை. சிவப்பை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

இரண்டாம் கிழமை பாண், பணிஸ், றோல்ஸ், கோதம்பமா இடியப்பம், பிஸ்கற் ஆகியவற்றை விட்டு, அரிசியும் குரக்கனும் மட்டும் வையுங்கள். மூன்றாம் கிழமை பால்மாவையும் பச்சைப் பாலையும் நிறுத்துங்கள், தயிர் இருக்கலாம். நாலாம் கிழமை விட்டவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒன்றைத் தொடங்கினால் மூன்று நாள் அதையே பாருங்கள், பிறகுதான் அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டு ஒரே நாளில் சேர்ப்பதுதான் கூடுதலாக நடக்கும் பிழை. அப்படிச் செய்தால் கொப்பி இருந்தும் பயனில்லை.

பனங்கட்டி, தேன், கித்துள் பாணி போடலாமா?

பனங்கட்டியில் கொஞ்சம் கனியுப்பு உண்டு, ஆனால் அதன் பெரும் பகுதி சீனியேதான். கடித்துக்கொண்டு குடித்தால் கைக்கு அளவு தெரியும் என்பது ஒரு நன்மை: சுண்டுவிரல் நகமளவு துண்டு ஒன்று ஒரு கோப்பைக்குப் போதும். 'இயற்கைதானே' என்று பெரிய துண்டாக உடைத்தால் சீனியை விட்டதில் லாபமில்லை. தேனும் கித்துள் பாணியும் பினாட்டும் பனங்காய்ப் பணியாரமும் இதே கணக்கு.

சோறு, புட்டு எல்லாம் விட வேண்டுமா?

வேண்டாம். மாப்பொருளை முழுதாக வெட்டும் பத்தியங்கள் வேறு நாட்டுச் சமையலறைக்கு எழுதப்பட்டவை. இங்கே அவற்றைப் பிடிப்பவர்கள் இரண்டு கிழமையில் நாலு கிலோ மெலிந்து, மலச்சிக்கலோடு வந்து நிற்பார்கள். மாற்ற வேண்டியது அளவும் சோடியும்.

ஒரு நேரத்துக்கு ஒருவருக்கு 60 முதல் 70 கிராம் அரிசி, ஒரு சுண்டு அரிசி மூன்று பேருக்கு. குத்தரிசி அல்லது தவிடு போகாத நாட்டரிசி. சாப்பாட்டுக் கோப்பையில் பாதி மரக்கறி, கால் பங்கு மீன் அல்லது முட்டை அல்லது பயறு, கால் பங்கு சோறு. எங்கள் வழக்கத்தில் இது தலைகீழாக இருக்கும்: முக்கால் கோப்பை சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி வறை.

புட்டுக்கு இரண்டு பங்கு குரக்கன்மா, ஒரு பங்கு வறுத்த சிவப்பரிசிமா, உப்பு. அரிசிமாவுக்குக் கொதிநீர் விடுவது போலக் குரக்கனுக்கு விட்டால் களியாக ஒட்டும். ஆறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் குழைத்து, சுண்டால் கொத்தி, தேங்காய்ப்பூ கலந்து நீத்துப்பெட்டியில் 15 நிமிடம் அவியுங்கள். புட்டோடு மாம்பழமும் சீனியும் பிசைவது இந்த நாலு கிழமைக்கு இல்லை. முட்டைப் பொரியல், மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி எதுவும் சோடி சேரும். குரக்கன் நல்லதென்று கூழாகக் கரைத்துக் குடித்தால் இரத்தச் சீனி வேகமாக ஏறும். மா எவ்வளவு நுண்ணியதாகவும் நீர்த்ததாகவும் இருக்கிறதோ அவ்வளவு விரைவாகச் செரிக்கும்.

நாருக்கு முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, வாழைப்பூ, பயத்தங்காய், பாவற்காய். இதுவரை இலைக்கறி பழக்கமில்லாதவர்கள் முதல் நாளே ஒரு சட்டி சாப்பிட்டால் காற்று இரட்டிப்பாகும். ஒரு கைபிடியில் தொடங்கி, கிழமைக்கொரு கைபிடியாகக் கூட்டுங்கள். கடலை, கௌபி, பயறு எட்டு மணித்தியாலமாவது ஊறவேண்டும், ஊறின தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். காற்றை உண்டாக்கும் மாப்பொருளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போகும்.

பாண், அப்பம், தோசை, மாமைற், கள்ளு: மதுவம் சேர்ந்ததையெல்லாம் தவிர்க்க வேண்டுமா?

பாணில் இருக்கும் மதுவம் போறணைச் சூட்டில் செத்துவிடும், உயிரோடு இருந்தாலும் அது கன்டிடா இல்லை. மாமைற்றும் செத்த மதுவத்தின் சாறுதான், ஒரு கரண்டி நுனியளவில் கேடில்லை, உப்புத்தான் கூட. தோசைமா உழுந்தும் அரிசியும் புளித்தது, அதில் கூடுதலாக வேலை செய்வது இலக்ரிக் பற்றீரியா. ஆகவே தோசை தாராளமாக. அப்பமும் சரி, மேலே தூவும் சீனியும் முதற்பாலும் இல்லாமல். பாணை விடச் சொன்னது கோதம்பமாவின் காற்றைச் சோதிக்க மட்டும்.

கள்ளு வேறு கதை. அதில் உயிருள்ள மதுவமும் மதுசாரமும் உண்டு. ஆரோக்கியமான ஆளுக்கு அந்த மதுவத்தால் தொற்று வராது. ஆனால் மதுசாரம் குடற்சுவரை உறுத்தும், நீரிழிவுக் குளிசையோடு சேர்ந்து இரத்தச் சீனியைத் திடீரென்று இறக்கும். நாலு கிழமைக்கு வேண்டாம்.

தயிர் எவ்வளவு? எந்தத் தயிர்?

நாளுக்கு 150 முதல் 200 மில்லிலீற்றர், இனிப்பில்லாதது. கடையில் சிறிய கிண்ணத்தில் வரும் யோகட்டில் சீனி சேர்ந்திருக்கும், பின்பக்கத்தைப் படியுங்கள். வீட்டில் செய்ய அரை லீற்றர் பாலைக் காய்ச்சி, விரலை வைத்துப் பத்து எண்ணக்கூடிய சூட்டுக்கு, அதாவது 43 முதல் 45 பாகைக்கு, ஆற விடுங்கள். ஒரு மேசைக்கரண்டி உறையைக் கொஞ்சப் பாலில் கரைத்து ஊற்றி, மண்சட்டியில் மூடி ஆறு முதல் எட்டு மணித்தியாலம் அசைக்காமல் வையுங்கள். பால் கொதிக்கக் கொதிக்க உறை விட்டால் பற்றீரியா சாகும், தயிர் உறையாது. முற்றாக ஆறிய பாலில் விட்டால் மெதுவாக உறைந்து, இடையில் வேறு கிருமி புகும். நுரை தள்ளினால், சாராய வாசம் வந்தால், இளஞ்சிவப்புப் படை தெரிந்தால் வெளியே ஊற்றுங்கள். அந்த உறையையும் இனிப் பாவிக்க வேண்டாம்.

மோராக்கினால் நற்சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு. மோரைச் சூடாக்கினால் உயிருள்ள பற்றீரியா போய்விடும், தாளிதத்தை ஆற விட்டுச் சேருங்கள்.

பழஞ்சோறு குடலுக்கு நல்லதென்கிறார்களே?

நல்லதுதான், சுத்தமாகச் செய்தால். சமைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் சோற்றைப் பரப்பி ஆற்றி, கொதித்தாறிய தண்ணீர் முழுதும் மூடும்படி ஊற்றி, மண்சட்டியில் எட்டு முதல் பத்து மணித்தியாலம். காலையில் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், மோர் சேர்த்துச் சாப்பிடுங்கள். மத்தியானம் வரை அடுப்படியில் கிடந்த சோற்றை மாலையில் தண்ணீர் ஊற்றுவதுதான் பிழை. சோற்றில் இருக்கும் ஒருவகைப் பற்றீரியாவின் வித்து சமைத்தாலும் சாகாது, இளஞ்சூட்டில் முளைத்து நஞ்சு விடும். திரும்பச் சுட வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது, சத்தியும் வயிற்றோட்டமும் வரும். சித்திரை வெக்கையில் நேரத்தை ஆறு மணித்தியாலமாகக் குறையுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் பழஞ்சோறு வேண்டாம்.

உள்ளி, தேங்காய் எண்ணெய், மஞ்சள் பங்கசைக் கொல்லுமா?

கண்ணாடித் தட்டில் கொல்லும். வயிற்றில் அதே செறிவு போய்ச் சேராது. தேங்காய் எண்ணெய் நிறைந்த தீனி கொடுத்த எலிகளின் குடலில் கன்டிடா குறைந்ததாக 2015இல் ஓர் ஆய்வு வந்தது. மனிதரில் அதே அளவு காட்டப்படவில்லை. நாளுக்கு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் குடித்தால் முதலில் வருவது வயிற்றோட்டம். சொதியிலும் தேங்காய்ப்பூவிலும் எங்களுக்கு ஏற்கனவே போதியளவு போகிறது. தாளிக்க ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

உள்ளியை நசித்துப் பத்து நிமிடம் வைத்தபின் சமைத்தால் அதன் காரச்சத்து உருவாகி நிற்கும். ஆனால் உள்ளியால் ஊதும் வயிறென்றால் இதை விடுங்கள். வாசம் வேண்டுமானால் உள்ளியையும் வெங்காயத்தையும் எண்ணெயில் பொரித்து, துண்டுகளை எடுத்துவிட்டு எண்ணெயில் கறி தாளியுங்கள். காற்றை உண்டாக்கும் பொருள் எண்ணெயில் கரையாது, வாசம் கரையும். இரத்தம் கட்டாமல் இருக்க வார்பரின் எடுப்பவர்கள் உள்ளியை மருந்தளவில் விழுங்கக் கூடாது.

பழம்?

கொய்யா, பப்பாப்பழம், தோடம்பழம், நாளுக்கு ஒரு கையளவு. சாறாக வேண்டாம். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் பத்தியம் தொடங்காதீர்கள், தோற்றுப்போவீர்கள்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மச்சம் இல்லை. அப்போது?

25 நாளும் சைவம் என்றால் புரதம் குறைந்து சோறு கூடுவதுதான் நடக்கிறது. காலையில் அவித்த பயறு அரைக் கோப்பை, மத்தியானம் பருப்போடு தயிர், இரவு உழுந்துத் தோசை என்று வைத்தால் சமாளிக்கலாம். தண்ணீர்ப் பந்தல் சர்பத்தும் கோயில் முடிந்து வரும் வழியில் ஐஸ்கிறீமும்தான் உண்மையான கணக்கு. அதில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

புரோபயோற்றிக் (குடலுக்கு நன்மை தரும் உயிருள்ள கிருமி) குளிசை வாங்கலாமா?

அன்ரிபயோற்றிக் எடுக்கும் நாட்களில் வரும் வயிற்றோட்டத்தைக் குறைக்க சக்கரோமைசிஸ் புலார்டி என்பதற்குச் சான்று உண்டு. அதுவும் ஒரு மதுவம்தான். 1920களில் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோலில் இருந்து பிரித்தெடுக்கப்பட்டது. வழக்கமான அளவு 250 மில்லிகிராம், நாளுக்கு இரு தடவை. பங்கசு மருந்தோடு சேர்த்தால் அதுவும் செத்துவிடும், பணம் வீண். பெரிய நாளத்தில் குழாய் போட்டிருப்பவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் கொடுக்கவே கூடாது, இரத்தத்தில் கலந்து தொற்றாகலாம்.

பத்தியம் தொடங்கி மூன்றாம் நாள் தலையிடி, உடம்பு நோ. மதுவம் சாகும் அடையாளமா?

அப்படிச் சொல்லி விற்பவர்கள் உண்டு. சிபிலிஸ் போன்ற தொற்றில் மருந்து கொடுத்ததும் கிருமி சிதைந்து காய்ச்சல் வருவது உண்மை. சாப்பாடு மாற்றியதால் அது வராது. உங்கள் தலையிடிக்குக் காரணம் தேத்தண்ணி குறைந்தது, மாப்பொருள் திடீரென்று குறைந்தது, உப்பும் தண்ணீரும் போதாதது. சோற்றை ஒரு கரண்டி கூட்டி, உப்பிட்ட மோர் இரண்டு கோப்பை குடித்துப் பாருங்கள். நீரிழிவுக் குளிசை அல்லது இன்சுலின் எடுப்பவர் என்றால் உடனே இரத்தச் சீனியைப் பாருங்கள். வியர்வை, நடுக்கம், மயக்கம் வந்தால் பத்தியத்தை மறந்து மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும்.

பார்மசியில் பங்கசு மருந்தான புளூகொனசோல் வாங்கிப் போடலாமா?

வேண்டாம். அது கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் என்ற நீரிழிவுக் குளிசைகளின் வேகத்தைக் கூட்டி இரத்தச் சீனியை ஆபத்தாக இறக்கும். வார்பரினோடு இரத்தக் கசிவு, சில கொலஸ்ரோல் குளிசைகளோடு தசைச் சிதைவு. கர்ப்பிணிகளுக்கு ஆகாது. நிஸ்டட்டின் குடலில் இருந்து இரத்தத்துக்குப் போகாதது, அதனால் பாதுகாப்புக் கூட. ஆனாலும் என்ன வருத்தத்துக்கு என்று தெரிந்தே எடுக்க வேண்டும். சித்த மருந்து எடுப்பவர்கள் அதையும் ஆங்கில மருந்து எழுதும் வைத்தியரிடம் சொல்லுங்கள், மறைக்க ஒன்றுமில்லை. பேதி மருந்து குடித்து 'வயிற்றைக் கழுவுவது' குடல் பற்றீரியாவையும் சேர்த்தே கழுவும்.

யார் இந்த நாலு கிழமையைத் தொடங்கவே கூடாது?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள், ஏற்கனவே மெலிந்த முதியவர்கள், சிறுநீரக வருத்தக்காரர். இவர்கள் குடிக்கும் சீனியைக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். கைக்குழந்தையின் வாயில் வெண்படை என்றால் பத்தியம் தேவையில்லை, மருந்துத் துளிகள் வேண்டும். தாயின் முலைக்காம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இருவருக்கும் மாறிமாறி வரும்.

எந்த அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது?

விழுங்க நோவு, தானாக மெலிதல், மலத்தில் இரத்தம் அல்லது கறுத்த மலம், காய்ச்சல், நித்திரையில் எழுப்பும் வயிற்றோட்டம், 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய வயிற்றுக் குழப்பம். நீரிழிவு இல்லாத இளம் ஆளுக்குக் காரணமில்லாமல் வாயில் வெண்படை வருவதும் இதில் சேரும், எதிர்ப்புச் சக்தியைச் சோதிக்க வேண்டும்.

நாலு கிழமை முடிந்தும் ஒரு மாற்றமும் இல்லை. இனி?

பத்தியத்தை நிறுத்துங்கள். இன்னும் கடுமையாக்கினால் சரிவரும் என்று எண்ண வேண்டாம். சீனியைக் குறைத்ததை மட்டும் வைத்துக்கொண்டு வழமைச் சாப்பாட்டுக்குத் திரும்புங்கள். பிறகு அந்தக் கொப்பியோடு கிளினிக்குக்குப் போங்கள். கிட்டடியில் எடுத்த அன்ரிபயோற்றிக்கின் பெயரும் நாளும், எத்தனை வருடமாக ஒமெப்பிரசோல், மெற்போமின் அளவு, கடைசியாகப் பூச்சிக் குளிசை எடுத்தது எப்போது, ஆகியவற்றை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரைப்பையில் எலிக்கோபக்ரர் கிருமி, தைரொயிட், இரும்புச்சத்து, பி12 ஆகியவற்றைப் பார்க்க அவர்கள் சொல்லலாம். ஒமெப்பிரசோலை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்துக்கு அஸ்பிரின் எடுப்பவருக்கு அது இரைப்பைப் புண்ணைத் தடுக்கத் தரப்பட்டிருக்கலாம். நிறுத்தலாமென்று வைத்தியர் சொன்னாலும் ஓரிரு கிழமை நெஞ்செரிவு கூடும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்துப் படிப்படியாகக் குறைக்கச் சொல்வார்கள்.